அம்மாவின் ஸ்லைடு

கழுத்தில் கட்டி தெரிந்தபோது, "சீட் பெல்ட் உரசியிருக்கும்" என்றுதான் அம்மா முதலில் சொன்னாள். கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தே இரண்டு பிள்ளைகளை ஆளாக்கியவள் அவள். உடம்பில் எங்கே வலித்தாலும் காரணத்தைக் காருக்குள்தான் தேடுவாள்.

வாராவாரம் இந்தத் தொடரில் இந்தக் குடும்பத்தோடு கூடவே வருகிறவர்களுக்கு அது உரசல் இல்லை என்று தெரியும். இன்றுதான் உள்ளே நுழைகிறீர்கள் என்றால், நல்ல நாளாகப் பார்த்து வந்திருக்கிறீர்கள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். முடியவில்லை. சுருக்கமாகக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

அந்தக் கட்டி லிம்ஃபோமா. நெறி கட்டுகிற இடங்களில் வருகிற புற்றுநோய். அதில் சாதுவும் உண்டு, முரடும் உண்டு. அது எப்படி நடந்துகொள்ளப் போகிறது என்பதை, கட்டியின் செல்களில் இருக்கும் சில புரதங்களை வைத்து ஓரளவு முன்கூட்டியே சொல்ல முடியும். மருத்துவமனையில் அவற்றை மார்க்கர் என்பார்கள்.

அம்மாவின் கழுத்திலிருந்து ஊசியால் எடுத்த துணுக்கு, அந்த மார்க்கர்களைப் பார்ப்பதற்காக மருத்துவமனையின் கீழ்த்தளத்து ஆய்வகத்துக்குப் போயிற்று. அங்கே டெக்னீஷியனாக இருப்பது அம்மாவின் மூத்த மகள். வீட்டில் அவளுக்குப் பெரியவள் என்றே பெயர்.

அந்த ஆய்வகத்தில் ஒரு வழக்கம் உண்டு. சொந்தக்காரர்களின் துணுக்கு வந்தால் உடனே சொல்லிவிட்டு ஒதுங்கிவிட வேண்டும். தலைமை டாக்டரம்மாவே தன் வீட்டுக்காரரின் துணுக்கு வந்த அன்று கேன்டீனில் போய் உட்கார்ந்து, வேலை முடியும்வரை தேநீராகக் குடித்துத் தீர்த்தார். பெரியவள் ஒதுங்கவில்லை. அங்கே துணுக்குகளுக்குப் பெயர் கிடையாது, எண்தான். அம்மாவின் எண் எது என்று தெரிந்துகொண்டு, வாயை மூடிக்கொண்டு, தன் கையாலேயே வெட்டி, தன் கையாலேயே சாயமும் ஏற்றிவிட்டாள். மற்றவர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார்களா என்று அவளுக்குச் சந்தேகம். அதை அன்பு என்று சொல்லலாம். எனக்கு அதில் கொஞ்சம் திமிரும் தெரிகிறது.

இன்று அந்த முடிவைச் சொல்கிற நாள்.

*

டயர் கடைக்கு மேலே இருந்த அவர்கள் வீட்டில் காலையிலேயே ரப்பர் வாசனை ஏறிவிடும். அம்மா ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, தெருவில் போகிற வருகிற ஓட்டுநர்களுக்கு மார்க் போட்டுக்கொண்டிருந்தாள். இரவெல்லாம் வேர்த்து, இரண்டு முறை உடை மாற்றியிருந்தாள். முகத்தில் எலும்பு தெரிந்தது. வாய் மட்டும் இளைக்கவே இல்லை.

"அந்த நீலக் காரைப் பாரு. ரிவர்ஸ் எடுக்கிறானா, யோசனை பண்றானா?"

"மாத்திரை போட்டியாம்மா?"

"போட்டாச்சு, போட்டாச்சு. நீ ஏன் பரீட்சைக்குப் போற மாதிரி மூஞ்சியை வெச்சிருக்கே? ரிசல்ட் எனக்குத்தானே?"

பெரியவள் சிரித்துப் பார்த்தாள். வரவில்லை. சாப்பாட்டு டப்பாவைப் பையில் வைக்கிற சாக்கில் குனிந்துகொண்டாள்.

"டாக்டர் அன்னிக்குச் சொன்னதை மறுபடி சொல்லு. ஏதோ ரெண்டு புரோட்டீன்னாரே."

"ஒண்ணு செல்லை நிறுத்தாம பெருகச் சொல்லும். இன்னொண்ணு செல்லைச் சாகவிடாது."

"அதாவது ஒண்ணு ஆக்ஸிலேட்டரை மிதிச்சுட்டே இருக்கு. இன்னொண்ணு இன்ஜினை அணைக்கவே விடாது. சரி, ரெண்டும் ஒரே வண்டியில இருந்தா?"

"இருந்தா... கொஞ்சம் கஷ்டம்."

"கொஞ்சமா?" அம்மா ஜன்னலிலிருந்து திரும்பாமலே கேட்டாள். "லைசென்ஸ் டெஸ்ட்ல கோட்டை விடப்போறவங்ககிட்ட நானும் இப்படித்தான் சொல்லுவேன்."

விஷயம் வெறும் 'கொஞ்சம் கஷ்டம்' இல்லை. மேல்தளத்து டாக்டர் முதல் நாளே தெளிவாகச் சொல்லியிருந்தார். அந்த இரண்டு புரதங்களும் சேர்ந்து ஏறியிருக்கவில்லை என்றால் வழக்கமான மருந்து போதும். ஒரு பகல் படுக்கையில் ஏற்றிக்கொண்டு சாயந்தரம் வீட்டுக்கு வந்துவிடலாம். இரண்டும் ஏறியிருந்தால் வழக்கமான மருந்துக்கு நோய் அடங்காமல் போகிற வாய்ப்பு அதிகம். கடுமையான மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டிவரும். நாள் கணக்கில் மருத்துவமனையிலேயே படுத்து, இரவு பகலாக ஏற்றிக்கொள்ள வேண்டும். அம்மாவின் இதயமோ ஏற்கெனவே பலவீனம். "தாங்கலாம். தாங்காமலும் போகலாம்" என்றார் டாக்டர். அதைச் சொல்லும்போது அவர் மேஜையில் இருந்த பேனாவைத்தான் பார்த்தார்.

ஆக, பெரியவள் துணுக்கை வைத்துச் சாயம் ஏற்றிய அந்த இரண்டு கண்ணாடி ஸ்லைடுகளில்தான் அம்மா எந்த வழியில் போகப்போகிறாள் என்பது இருந்தது.

மாடிப்படியில் சின்னவன் காத்திருந்தான். பெரியவளின் தம்பி, ஏசி மெக்கானிக். ஊரில் யார் வீட்டில் புழுக்கம் என்றாலும் ஓடுகிறவன், இன்று வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தான். அம்மாவை டாக்டரிடம் அழைத்துப் போவது அவன் பொறுப்பு.

"அக்கா, உண்மையைச் சொல்லு. ஸ்லைடைப் பார்த்துட்டியா?"

"அதைப் பார்த்துச் சொல்ல வேண்டியது டாக்டரம்மா. நான் இல்ல."

"அது எனக்குத் தெரியும். நீ பார்த்தியான்னு கேட்டேன்."

"இல்ல."

பச்சைப் பொய். நேற்றே பார்த்துவிட்டாள். இரண்டு ஸ்லைடும் பழுப்பேறிக் கிடந்தன. அங்கே பழுப்புதான் பயப்பட வேண்டிய நிறம். எந்தச் செல்லில் அந்தப் புரதம் இருக்கிறதோ அந்தச் செல் பழுப்பாகும். இல்லாத செல் வெளிறிய நீலமாகவே நிற்கும்.

"மோசமா இருந்தா அம்மாகிட்ட மூச்சு விடாதே" என்றான் சின்னவன். "டாக்டர்கிட்டயும் சொல்லிவெச்சிருக்கேன். எதுவா இருந்தாலும் என்கிட்ட மட்டும் சொல்லுங்கன்னு."

"அம்மா என்ன குழந்தையா?"

"நீ கீழே ஒரு ரூம்ல உட்கார்ந்து கலர் போடறே. ராத்திரி அவ பக்கத்துல படுத்துக்கிறவன் நான். அவ தூங்காம முனகறது உனக்குக் கேட்காது, எனக்குக் கேட்குது."

தம்பி சொன்னது நியாயம் என்பதே அவளுக்கு எரிச்சலாக இருந்தது. விடுவிடுவென்று இறங்கிப் போய்விட்டாள்.

*

கீழ்த்தளத்து ஆய்வகத்தில் ஜன்னல் கிடையாது. வெளியே மழையா வெயிலா என்பது, வருகிறவர்களின் செருப்பைப் பார்த்தால்தான் தெரியும். மெழுகும் மருந்தும் கலந்த வாசனை முதல் வாரம் குமட்டும்; பிறகு வீட்டுக்கே கூட வந்துவிடும்.

வெட்டும் இயந்திரத்தின் முன்னால் சோடாபுட்டி உட்கார்ந்திருந்தான். பெரியவளோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவன். கண்ணாடியின் தடிமனுக்காக வைத்த பெயர் அது. அவனே போனில் "நான்தாங்க சோடாபுட்டி பேசறேன்" என்று சொல்லுமளவுக்கு ஒட்டிப்போயிருந்தது. மெழுகுக்குள் புதைத்த துணுக்குகளை, ஊதினால் பறக்கிற அளவுக்கு மெல்லிய தாளாகச் சீவிக்கொண்டிருந்தான்.

"டாக்டரம்மா உன்னைத் தேடினாங்க" என்றான். "நல்ல மூடுலதான் இருக்காங்க. லீவு கேக்கணும்னா இப்பவே கேட்டுடு."

உள்ளே டாக்டரம்மா இரண்டு பேர் சேர்ந்து பார்க்கிற மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்தார்.

"வா, உட்காரு. இதைப் பாரு. நல்ல கேஸ்."

டாக்டர்கள் நல்ல கேஸ் என்று சொன்னால் அது நோயாளிக்கு நல்லதாக இருந்து நான் பார்த்ததில்லை. பெரியவளும் பார்த்ததில்லை. எதிர்ப்பக்கம் உட்கார்ந்து கண்ணை வைத்தாள்.

"பெருகச் சொல்ற மிக்கைப் பாரு. பாதிக்கு மேல பழுப்பு. சாகவிடாத பி.சி.எல். டூ அதைவிட ஜாஸ்தி. ரெண்டும் சேர்ந்து ஏறியிருக்கு. மேல டாக்டர் காலையிலேர்ந்து கேட்டுட்டே இருக்கார். இப்பவே சொல்லிட்டா இன்னிக்கே மருந்தை முடிவு பண்ணிடுவார்."

டாக்டரம்மா போனை எடுத்தார். ஒரு எண்ணை அழுத்தினார்.

"டாக்டர், வேண்டாம்" என்றாள் பெரியவள். "போனை வையுங்க."

"என்ன?"

"இது எங்கம்மா."

டாக்டரம்மா போனை வைத்தார். மைக்ராஸ்கோப்பின் விளக்கையும் அணைத்தார். அவர் கோபப்பட்டால் குரல் உயராது, தணியும். அது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

"யார் வெட்டினது?"

"நான்."

"சாயம்?"

"அதுவும் நான்தான்."

"ஏன் சொல்லலை?"

"சொன்னா என்னை வெளியே போகச் சொல்வீங்க."

"இப்பவும் அதைத்தான் சொல்லப்போறேன். முதல்ல எனக்கு ஒண்ணு தெரியணும். போனை ஏன் வைக்கச் சொன்னே?"

பெரியவள் நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். பிறகு சொன்னாள். அந்த ஆய்வகத்தில் சாயம் ஏற்றுவது இன்னும் கைவேலைதான். பழுப்புச் சொட்டை ஸ்லைடில் விட்டு, கணக்கான நேரம் வைத்து, தண்ணீரில் கழுவ வேண்டும். சீக்கிரம் கழுவினால் இருக்கிற புரதமும் தெரியாது. அதிக நேரம் விட்டால் கொஞ்சமாக இருப்பதும் நிறைய இருப்பதுபோல் காட்டும். சரிபார்ப்பதற்காக, புரதம் இருப்பது ஏற்கெனவே தெரிந்த வேறொருவரின் துணுக்கையும் பக்கத்தில் வைத்துச் செய்வார்கள். அதற்கு கன்ட்ரோல் என்று பெயர்.

"கன்ட்ரோல் சரியா வந்துச்சு, கழுவிட்டேன். எங்கம்மாவோடது ரெண்டும் அப்போ வெளுப்பா இருந்துச்சு டாக்டர். சுத்தமா வெளுப்பு. நான் சந்தோஷப்பட்டிருக்கணும். ஆனா பயம் வந்துடுச்சு. டெஸ்ட்டே வேலை செய்யலையோ, பொய்யா ஒரு நல்ல ரிசல்ட் காட்டுதோன்னு. அப்படியே விட்டுட்டேன்."

"எவ்வளவு நேரம்?"

"தெரியல. டைமர் போடலை. கை கால் ஓடலை. மறுபடி பார்க்கிறப்போ பழுப்பாயிருந்துச்சு."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"அப்போ இது உங்கம்மாவோட பழுப்பா, நீ போட்ட பழுப்பான்னு எனக்குத் தெரியாது."

"தெரியாது, டாக்டர்."

"நான் மட்டும் இப்போ மேல சொல்லியிருந்தா, அந்த அம்மாவுக்குத் தேவையே இல்லாத மருந்தை ஏத்தியிருப்பாங்க. பலவீனமான இதயம்னு கேஸ்ல இருக்கு. புரியுதா உனக்கு?"

புரிந்ததால்தான் சொன்னாள். நேற்றே சொல்லியிருக்க வேண்டும் என்பதும் புரிந்தது. நேற்று வேலை போய்விடுமே என்று பயந்தாள். இரவெல்லாம் அந்தப் பயத்தோடு படுத்துக்கொண்டு, அம்மா முனகுவதுகூடக் காதில் விழாமல் கிடந்தாள்.

டாக்டரம்மா சோடாபுட்டியைக் கூப்பிட்டார்.

"இந்த பிளாக்கில மீதி எவ்வளவு இருக்கு?"

அவன் மெழுகுக் கட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "ரொம்பக் கொஞ்சம். நிதானமா வெட்டினா தேறும்."

"நிதானமா வெட்டு. தேறலைன்னா அந்த அம்மா கழுத்துல மறுபடி ஊசி." பிறகு பெரியவளிடம் திரும்பினார். "நீ கேன்டீனுக்குப் போ. நான் கூப்பிடற வரைக்கும் இந்தப் பக்கம் வராதே."

சோடாபுட்டிக்கு விஷயம் புரிந்துவிட்டது. மெழுகுக் கட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனான்.

*

கேன்டீனில் டிவி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. பெரியவள் வாங்கிய தேநீரில் ஆடை படிந்தது. நாற்காலிகளெல்லாம் தரையோடு இறுக்கப்பட்டிருந்தன. மருத்துவமனைக்கு வருகிறவர்கள் அதைக்கூடத் திருடுவார்கள் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள்.

அவள் மனம் ஒரே இடத்தில் சுற்றியது. முதலில் பார்த்த வெளுப்பு. அது நிஜமென்றால்? அம்மாவின் உடம்பு சொன்னது அந்த வெளுப்பைத்தான் என்றால்? பழுப்பு மொத்தமும் தன் கைவரிசை என்றால், வழக்கமான மருந்து போதும். வேலை போகும், பேர் கெடும், அந்தத் தளத்தில் யாரும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். போகட்டும். தப்பு என்னுடையதாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். தன்னுடைய வேலை மோசமாக இருந்திருக்க வேண்டும் என்று ஒருத்தி வேண்டிக்கொள்வதை நினைத்தால் எனக்கு எழுதக் கை வரவில்லை. ஆனால் அதைத்தான் வேண்டிக்கொண்டாள்.

போன் அடித்தது. சின்னவன்.

"அக்கா, எப்போ கிளம்பணும்? அம்மா இப்பவே செருப்பு மாட்டிக்கிட்டு நிக்கறா."

"சாயந்தரமா வா. லேட்டாகும். டெஸ்ட்டை மறுபடி பண்றாங்க."

"மறுபடியா? ஏன்?"

"சும்மாதான்."

"சும்மா யாராவது மறுபடி பண்ணுவாங்களா? நான் ஒரு மெஷினைத் திரும்பக் கழட்டறேன்னா முதல்ல சரியா மாட்டலைன்னு அர்த்தம். என்ன ஆச்சு, சொல்லு."

இந்த இடத்தில் அவள் போனை வைத்திருக்கலாம். ஆனால் காலையிலிருந்து நெஞ்சில் கனத்துக் கிடந்த ஒன்று, தம்பியின் குரலைக் கேட்டதும் தானாக வெளியே வந்துவிட்டது. பழுப்பு வந்ததை, அதற்கு முன் வெளுப்பாக இருந்ததை, நேரம் தவறியதை, எல்லாவற்றையும் சொன்னாள்.



"அப்போ அந்த வெளுப்புதான் நிஜம்?"

"நிஜமா இருக்கலாம்னுதான் சொல்றேன். இன்னும் தெரியாது."

"அக்கா! நீ பண்ணின தப்புக்கு உன்னைத் தூக்கி வெச்சுக் கொண்டாடணும்!"

"டேய், அவசரப்படாதே. அம்மாகிட்ட ஒண்ணும் சொல்லாதே. டேய்..."

அவன் போனை வைத்துவிட்டான். மோசமான செய்தியை அம்மாவிடம் மூடி வைக்க ஆயிரம் ஏற்பாடு செய்தவனுக்கு, நல்ல செய்தியை ஒரு நிமிஷம் வயிற்றில் வைத்துக்கொள்ளத் தெரியவில்லை. பெரியவள் திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். அவன் எடுக்கவில்லை.

*

பொழுது சாய்கிற நேரத்துக்கு சோடாபுட்டி கேன்டீனுக்கு வந்தான்.

"டாக்டரம்மா கூப்பிடறாங்க."

"வெட்ட வந்துச்சா?"

"வந்துச்சு. ரெண்டும் நல்லா வந்துச்சு."

"நீ பார்த்தியா?"

"நான் சாயம் முடிச்சுக் கொடுத்தேன், அவ்வளவுதான்." ஆறிப்போன தேநீர்க் கோப்பையை எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டான். அவள் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

டாக்டரம்மா எதிர்ப்பக்கத்து நாற்காலியைக் காட்டினார். பெரியவள் குனிந்து கண்ணை வைத்தாள்.

பழுப்பு. அதே பழுப்பு. ஒரு பொட்டு கூடக் குறையவில்லை. அடுத்த ஸ்லைடை டாக்டரம்மா நகர்த்தி வைத்தார். அதுவும் அப்படியே. கன்ட்ரோலையும் காட்டினார். அது குற்றம் சொல்ல முடியாதபடி கச்சிதமாக இருந்தது.

"டைமர் வெச்சுத்தான் பண்ணினான்" என்றார் டாக்டரம்மா. "நான் பக்கத்துலயே நின்னேன்."

"அப்போ நான் பார்த்த வெளுப்பு?"

"அதைத்தான் நானும் யோசிச்சேன். பழுப்பை எந்த ஸ்லைடுல முதல்ல விட்டே?"

"கன்ட்ரோல்ல."

"கையோட அடுத்ததுல விட்டியா?"

பெரியவள் நினைத்துப் பார்த்தாள். சொட்டுக் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றது ஞாபகம் வந்தது. அம்மாவின் துணுக்கு கண்ணாடியில் ஒரு நகத்துணுக்கு அளவுதான் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இல்ல. கொஞ்ச நேரம் நின்னேன்."

"அதான். கன்ட்ரோல் முடியறப்போ உங்கம்மாவோடது அப்போதான் ஆரம்பிச்சிருக்கு. ஆரம்பத்துல எல்லா ஸ்லைடும் வெளுப்புதாம்மா. வேற யாரோட ஸ்லைடா இருந்தாலும் இது உனக்கு உடனே தெரிஞ்சிருக்கும்."

பெரியவள் தலையாட்டினாள்.

"ஒதுங்கிக்கச் சொல்றது நீங்க வேலையைக் கெடுத்துடுவீங்கன்னு இல்ல. நீ எதையும் கெடுக்கவும் இல்ல. ஆனா இப்படிப் பார்க்கத் தெரியாமப் போயிடும். என் வீட்டுக்காரர் விஷயத்துல எனக்கும் அப்படித்தான் ஆகியிருக்கும்." அவருடைய குரல் இப்போது தணிந்திருக்கவில்லை. சாதாரணமாக இருந்தது. "மேல சொல்லிட்டேன். சொல்லித்தான் ஆகணும். மார்க்கர் ஒரு கணிப்புதான், தீர்ப்பு இல்ல. இப்படி வந்தவங்கள்ல நல்லாயிட்டவங்களும் இருக்காங்க. ஆனா..."

டாக்டரம்மா ஸ்லைடுகளை எடுத்துத் தட்டில் அடுக்கினார்.

"நாளைக்கு நீ வரவேண்டாம். இதை நான் மேலிடத்துல சொல்லாம இருக்க முடியாது. கூப்பிடறப்போ வா."

பெரியவள் வெள்ளைக் கோட்டைக் கழற்றி மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள். எங்கே மாட்டுவது என்று தெரியாதவள்போல் அதைத் தூக்கிக்கொண்டே படியேறினாள்.

*

கார்கள் நிறுத்துகிற இடத்தில், தலையில் 'கற்றுக்கொள்பவர்' பலகையோடு, அம்மாவின் பழைய பயிற்சிக் கார் நின்றது. மாதக்கணக்கில் உறை போட்டு மூடிக் கிடந்த கார். அதன் ஓட்டுநர் இருக்கையில் அம்மா.

சின்னவன் அக்காவைப் பார்த்ததும் காரை விட்டிறங்கிக் கையை ஆட்டினான். முகமெல்லாம் பல். "டாக்டர் ரூமுக்குப் போய் வந்துட்டோம்னு சொல்லிட்டு வரேன்" என்று கத்திவிட்டு ஓட்டமாக உள்ளே போனான். அவள் நிறுத்துவதற்குள் கதவைத் தாண்டிவிட்டான்.

"ஏறு" என்றாள் அம்மா.

பெரியவள் சொல்லிக்கொடுப்பவரின் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். காலடியில் இன்னொரு பிரேக்.

"பார்த்தியா, நானே ஓட்டிட்டு வந்துட்டேன். உன் தம்பி இந்த இடத்துல உட்கார்ந்து வழியெல்லாம் பிரேக்கை மிதிச்சுட்டே வரான். நான் ஓட்டினேனா அவன் ஓட்டினானான்னே தெரியல. திருட்டுப் பய." அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. நெற்றியில் வேர்வை. ஆனால் பழைய குரல் திரும்பியிருந்தது. "என்னவோ கோட்டை விட்டுட்டியாமே?"

"அம்மா..."

"விடுடி. எத்தனையோ பேர் பண்ணின தப்பால என் வண்டிதான் நசுங்கியிருக்கு. ஒரு தப்பால எனக்கு நல்லது நடக்கிறது இதுதான் முதல் தடவை. வேலை போனாப் போகட்டும். வேற வேலையா கிடைக்காது? அந்தச் சின்ன மருந்தை ஏத்திக்கிட்டு நான் மறுபடி கிளாஸ் எடுக்கறேன். வாரத்துல ரெண்டு பேர் வந்தாலும் போதும். பக்கத்து வீட்டுப் பொண்ணு ரொம்ப நாளா கேட்டுட்டே இருக்கு..."

அம்மா இவ்வளவு பேசி நாளாகிவிட்டது. பெரியவளுக்கு அதை நிறுத்த மனம் வரவில்லை. இன்னும் கொஞ்சம் பேசட்டும், பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பற்றி முழுசாகச் சொல்லட்டும் என்று பார்த்தாள். ஆனால் சின்னவன் எந்த நேரமும் திரும்பி வந்துவிடுவான்.

"அம்மா, மறுபடி பண்ணிப் பார்த்துட்டாங்க."

அம்மாவின் கைகள் ஸ்டியரிங்கில் இருந்தன. அப்படியே இருந்தன.

"ம்."

"அதேதாம்மா. ரெண்டுமே."

ஒரு வேன் பின்னால் வந்து ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று. அம்மா அதைத் திட்டவில்லை.

"யார் பார்த்தாங்க?"

"டாக்டரம்மா பார்த்தாங்க. நானும் பார்த்தேன்."

"நல்லாப் பார்த்தியா?"

"நல்லாப் பார்த்தேம்மா."

அம்மா சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தாள்.

"அப்போ நீ தப்பு பண்ணலை."

"இல்லம்மா."

"சரியாத்தான் செஞ்சிருக்கே." அம்மா கையை நீட்டி மகளின் முழங்காலில் தட்டிக்கொடுத்தாள். "அது போதும். நான்கூட, இத்தனை வருஷம் கண்ணைக் கெடுத்துக்கிட்டு கத்துக்கிட்ட வேலையை இவ இப்படிப் பண்ணிட்டாளேன்னு உள்ளுக்குள்ள வருத்தப்பட்டேன்."

ஆறுதலுக்காகத்தான் சொன்னாள். பாசத்தோடுதான் சொன்னாள். பெரியவள் மடியில் இருந்த வெள்ளைக் கோட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். காலையிலிருந்து அழாததற்கும் சேர்த்து அழுதாள். அம்மா அவளைத் தடுக்கவில்லை. முதுகில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"அம்மா! டாக்டர் வரச் சொல்றார்!" சின்னவன் வாசலிலிருந்து கூப்பிட்டான்.

"வரேன்டா." அம்மா கதவைத் திறந்தாள். இறங்குவதற்கு முன் மகளிடம் குனிந்தாள். "அவன்கிட்ட நீ சொல்லு. என்னால அவன் மூஞ்சியைப் பார்த்துட்டுச் சொல்ல முடியாது. டாக்டர்கிட்ட நான் பேசிக்கறேன். பெரிய மருந்தா, சின்ன மருந்தா, ரெண்டுமே வேண்டாமா, எதுன்னாலும் என்னைக் கேட்கட்டும். உங்களை இல்ல."

"ரெண்டுமே வேண்டாம்னா? என்னம்மா சொல்றே?"

அம்மா வண்டியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, புடவையைச் சரிசெய்துகொண்டு நடந்தாள்.

டாக்டரின் அறைவரை மூவரும் சேர்ந்துதான் போனார்கள். வாசலில் சின்னவன் உள்ளே நுழையப் போனான். அம்மா அவன் மார்பில் கையை வைத்து நிறுத்தினாள். தான் மட்டும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"இதென்ன புதுசா?" என்று சிரித்தான் சின்னவன். "நல்ல சேதியைத் தனியாக் கேட்டு அனுபவிக்கணுமாம்."

உள்ளே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு டாக்டரின் குரல். பிறகு அம்மாவின் குரல், எதையோ கேட்பதுபோல். என்ன கேட்டாள் என்பது கதவைத் தாண்டி வரவில்லை.

சின்னவன் அப்போதுதான் அக்காவின் முகத்தைச் சரியாகப் பார்த்தான்.

"என்னக்கா, சந்தோஷத்துல அழுதியா?"

"இல்லடா" என்றாள் பெரியவள்.